கூண்டில் அடைத்த ஜீவனின் ஹக்கு

ஊர்வன, பறப்பன, நீந்துவன யாவற்றையும் படைத்து, அவற்றுக்கு உணவளித்துப் பரிபாலித்து வரும் வல்ல அல்லாஹ்வுக்கே புகழனைத்தும் உரியது. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் இனிய பெருமானார் முஹம்மது முஸ்தஃபா (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் என்றென்றும் உண்டாவதாக!



சென்னை சாந்தோமில் கச்சேரி சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் வசிக்கும் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுக்க, வாரத்தில் நான்கு நாள் அஸருக்குப் பின் நான் சென்று வருவது வழக்கம். மூத்த பையனுக்குப் பத்து வயது. கோடை விடுமுறைக்கு இராமநாதபுரம் பக்கத்திலுள்ள தன் நன்னா ஊருக்குப் போனவன், அங்கே வேலியோரக் கருவை மரத்திலிருந்து ஒரு பச்சோந்தியைப் பிடித்து, செருப்புப் பெட்டியில் ஓட்டை போட்டு அடைத்து, ரயிலில் வீட்டுக்குக் கொண்டு வந்து விட்டான். வெளிநாட்டுப் பிள்ளைகள் பச்சோந்தியைத் தோளில் ஏற்றி விளையாடும் படங்களைக் கைப்பேசியில் பார்த்ததிலிருந்து அவனுக்கு அந்த ஆசை.

வீட்டில் பழைய கண்ணாடி மீன் தொட்டி ஒன்று இருந்தது. அதற்குள் விட்டு, மேலே பலகை போட்டு மூடி, ஒரு தட்டில் சோறும் வாழைப்பழமும் கீரையும், ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் வைத்தார்கள். மூன்றாம் நாள் நான் போனபோது பையன் ஆவலோடு அதைக் காட்டி, "ஹஜ்ரத், இதை வளர்க்கலாமா?" என்று கேட்டான். நான் கிதாபைத் திறந்தும் பார்க்கவில்லை, யோசிக்கவுமில்லை. "இது நபி இப்ராஹீம் (அலை) அவர்களைப் போட்ட நெருப்பை ஊதிய ஜாதியப்பா. தூக்கி வெளியே போடு. அடித்துக் கொன்றாலும் நன்மைதான்" என்று சொல்லிவிட்டு ஓதலைத் தொடங்கினேன். பையன் அழுதான். அவன் தாயார் மனம் பொறுக்காமல் தொட்டியை மாடிப்படிக்கு அடியில் ஒளித்து வைத்து விட்டார்கள்.

ஒன்பதாம் நாள் மஃரிபுக்குப் பின் பையனின் அத்தா என்னை அழைத்தார். போய்ப் பார்த்தேன். பசுமையாக இருந்த ஜீவன் கருத்துப் போயிருந்தது. கண்கள் குழி விழுந்திருந்தன. தொட்டியின் மூலையில் அசையாமல் கிடந்தது. "வேளை தவறாமல் தட்டு நிறைய வைத்தோம் ஹஜ்ரத். நாங்கள் பட்டினி போடவில்லை" என்றார் அவர். அவர் சொன்னது உண்மை. ஆனால் தட்டில் வைத்தது வைத்தபடியே இருந்தது.

அந்தத் தட்டைப் பார்த்தபோது என் நெஞ்சு நடுங்கிற்று. எதனால் நடுங்கிற்று என்பதைச் சொல்லவும், என் தவறான வாக்கைத் திருத்தவும்தான் இதை எழுதுகிறேன்.

வஸக் வேறு, ஹிர்பா வேறு

முதலில் என் தவறு. நபி இப்ராஹீம் (அலை) அவர்களின் நெருப்பை ஊதியதாக அறிவிக்கப்பட்டிருப்பது 'வஸக்' என்னும் பிராணியைப் பற்றியது. உம்மு ஷரீக் (ரலி) அவர்களின் அறிவிப்பாக இது ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. வஸக் என்பது பல்லி இனம். பச்சோந்திக்கு அரபு மொழியில் 'ஹிர்பா' என்று தனிப் பெயர் இருக்கிறது. ஹிஜ்ரி 808-ல் மறைந்த இமாம் தமீரி அவர்கள் தமது 'ஹயாத்துல் ஹயவான்' என்னும் பெருநூலில், 'ஹா' எழுத்தின் கீழ் ஹிர்பாவையும் 'வாவ்' எழுத்தின் கீழ் வஸகையும் வெவ்வேறாகவே வைத்து எழுதியிருக்கிறார்கள்.

நம் ஊர்களில் என்ன செய்கிறோம்? ஓணான், கரட்டான், பச்சோந்தி எல்லாவற்றையும் ஒரே கணக்கில் சேர்த்து விட்டோம். சிறுவயதில் நானும் ஓணானைக் கண்டால் கல்லெடுத்தவன்தான். ஸவாபு கிடைக்கும் என்று பெரியவர்கள் சொன்னார்கள், செய்தோம். பயனோ தீங்கோ வெளிப்படாத உயிர்களைக் கொல்வது மக்ரூஹ், அதாவது வெறுக்கத்தக்கது என்று ஷாஃபிஈ மத்ஹபு நூல்கள் கூறுகின்றன. பச்சோந்திக்கு விஷமில்லை. வீட்டுக்குள் வந்து யாரையும் கடிப்பதுமில்லை. மரத்திலிருந்து பூச்சிகளைத் தின்று காலம் கழிக்கும் சாதுவான பிராணி. அதன் மீது நான் சொன்ன வார்த்தை ஆதாரமற்ற வார்த்தை. அதற்காக அல்லாஹ்விடம் தௌபாச் செய்கிறேன். அந்தப் பையனிடமும், "நான் சொன்னது பிழை" என்று ஒப்புக் கொண்டேன்.

நிறம் மாறுவதன் உண்மை

பூமியில் நடமாடும் பிராணிகளும், இறகு விரித்துப் பறக்கும் பறவைகளும் உங்களைப் போன்ற சமுதாயங்களே என்ற கருத்தை அல்லாஹுத் தஆலா திருமறையின் 6-வது அத்தியாயம் 38-வது வசனத்தில் நமக்கு அறிவிக்கிறான். சமுதாயம் என்றால் அதற்கென ஒரு வாழ்க்கை முறை உண்டு. பச்சோந்தியின் வாழ்க்கை முறையைச் சிறிது பாருங்கள்.

அதன் இரண்டு கண்களும் தனித்தனியே சுழலும். ஒன்று முன்னே பார்க்கும்போது மற்றொன்று பின்னே பார்க்கும். கால் விரல்கள் இரண்டும் மூன்றுமாகச் சேர்ந்து இடுக்கி போல அமைந்து கிளையைப் பற்றிக் கொள்ளும். வால் ஐந்தாவது கையாக நின்று சுற்றிப் பிடிக்கும். நாக்கோ அதன் உடல் நீளத்துக்குக் குறையாமல் நீண்டு, கண் இமைக்கும் நேரத்தில் பூச்சியைப் பிடித்துத் திரும்பும். இவை அனைத்தும் கிளை மேல் வாழ்வதற்கென்றே கொடுக்கப்பட்ட கருவிகள். வழவழப்பான கண்ணாடித் தரைக்காகக் கொடுக்கப்பட்டவை அல்ல.

வாக்குத் தவறுபவனையும், ஆளுக்கொரு பேச்சுப் பேசுபவனையும் 'பச்சோந்தி' என்று நாம் ஏசுகிறோம். நின்ற இடத்துக்கேற்பத்தான் அது நிறம் மாறுகிறது என்று நினைப்பதால் வந்த ஏச்சு அது. உண்மை அதுவல்ல. குளிர்ந்த காலையில் வெயிலின் சூட்டை வாங்கிக் கொள்ள உடலைக் கருமையாக்கும். அச்சம் வந்தால், நோய் வந்தால், இன்னொரு பச்சோந்தியைக் கண்டால் நிறம் மாறும். தோலின் அணுக்களுக்குள் அடுக்கடுக்காக அமைந்த மிக நுண்ணிய படிகங்களின் இடைவெளி கூடிக் குறைவதால் நிறம் மாறுகிறது என்பதை, மடகாஸ்கர் நாட்டுப் பச்சோந்தி இனம் ஒன்றை ஆராய்ந்து 2015-ல் ஜெனீவாப் பல்கலைக்கழகத்தார் விளக்கினார்கள்.

சிந்தித்துப் பாருங்கள். முனாஃபிக் உள்ளே ஒன்றை வைத்துக் கொண்டு வெளியே வேறொன்றைக் காட்டுகிறான். இந்த ஜீவனோ தன் உள்ளே இருப்பதைத்தான் தோலின் மேல் காட்டுகிறது. ஏச்சு நமக்குத்தான் பொருந்துகிறதே தவிர அதற்கல்ல! அன்ஸாரித் தோழர் ஒருவரின் தோட்டத்தில் ஒட்டகம் ஒன்று பெருமானார் (ஸல்) அவர்களைக் கண்டதும் கண்ணீர் வடித்ததையும், பசியில் போட்டு அளவு மீறி வேலை வாங்குவதாக அது முறையிட்டதாக உரிமையாளரிடம் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதையும் அபூதாவூதில் காண்கிறோம். சாந்தோம் வீட்டு மாடிப்படிக்கு அடியிலும் ஒரு முறையீடு ஒன்பது நாளாக எழுந்து கொண்டிருந்தது. அது கருத்த தோலால் முறையிட்டது. எங்களில் ஒருவருக்கும் அது புரியவில்லை.

இரண்டு வாசல்கள்

ஒரு பூனையை அடைத்து வைத்து, அதற்கு உணவும் கொடுக்காமல், பூமியின் பூச்சி புழுக்களைத் தானே தேடித் தின்ன அவிழ்த்தும் விடாமல் சாகடித்த பெண்மணி, அதன் காரணமாக நரகம் புகுந்த செய்தியை நாமெல்லோரும் கேட்டிருக்கிறோம். புகாரியிலும் முஸ்லிமிலும் இப்னு உமர் (ரலி) அவர்களின் அறிவிப்பாக வரும் ஹதீஸ் அது. அதில் அந்தப் பெண்மணிக்கு இரண்டு வாசல்கள் காட்டப்படுகின்றன. ஒன்று, அடைத்து வைத்தால் உணவளிக்க வேண்டும். இல்லையேல் அவிழ்த்து விட வேண்டும், அதன் இரட்சகன் பூமியில் அதற்கு வைத்திருக்கும் ரிஜ்கை அது தேடிக் கொள்ளும். மூன்றாவது வாசல் கிடையாது.

"அவள் கல்நெஞ்சக்காரி, நாம் அப்படியல்ல" என்று நாம் தப்பித்துக் கொள்ளப் பார்க்கிறோம். சோறு நிறைந்த அந்தத் தட்டைப் பார்த்தபோது எனக்கு நடுக்கம் வந்தது இதனால்தான். பச்சோந்தி அசைகிற பூச்சியைத்தான் உணவென்று அறியும். சோறும் பழமும் அதற்கு மண்ணுக்குச் சமம். கிண்ணத்தில் அசையாமல் நிற்கும் தண்ணீரையும் அது தண்ணீரென்று அறியாது. இலையில் பனியாகவும் மழையாகவும் வந்து நிற்கும் துளிகளைத்தான் நக்கிக் குடிக்கும். ஆக, அந்த ஜீவன் உணவின் நடுவே பட்டினி கிடந்தது. தண்ணீரின் பக்கத்தில் தாகத்தால் வாடியது. அந்தப் பூனைக்கு நேர்ந்ததற்கும் இதற்கும் வயிற்றளவில் வேற்றுமை ஏதும் உண்டா? அங்கே இரக்கமின்மை செய்ததை இங்கே அறியாமை செய்து விட்டது. ஆகவே ஒரு ஜீவனை அடைத்து வைக்க நினைப்பவர், அதன் இயல்பை முதலில் அறிந்து கொள்வதும் அதன் ஹக்குகளில் ஒன்றாகும். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது இதுவே.

இமாம்கள் எழுதி வைத்த உரிமைகள்

ஹிஜ்ரி 660-ல் மறைந்த இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் அவர்கள் தம் 'கவாஇதுல் அஹ்காம்' நூலில், மனிதன் மீது பிராணிகளுக்குள்ள ஹக்குகளை வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். அதன் சாரம் வருமாறு: அந்தந்த இனத்துக்குத் தேவையான உணவைக் கொடுக்க வேண்டும், கிழடாகி, நோயுற்று, இனிப் பயனில்லை என்றாலும் கொடுக்க வேண்டும். தாங்க முடியாத சுமையை ஏற்றக் கூடாது. அதைத் துன்புறுத்தும் வேறு பிராணியோடு ஒரே இடத்தில் அடைக்கக் கூடாது. அது தன் இனமாயினும் சரியே. அது தங்கும் இடமும் தண்ணீர் குடிக்கும் இடமும் செம்மையாக அமைய வேண்டும். இமாம் நவவி அவர்களின் 'மின்ஹாஜ்' முதலான ஃபிக்ஹு நூல்களும், பிராணிக்குத் தீனி போட மறுக்கும் உரிமையாளரை, தீனி போடவோ விற்றுவிடவோ அதிகாரி கட்டாயப்படுத்த வேண்டுமென்று கூறுகின்றன. பிராணி வதைத் தடைச் சங்கங்கள் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே நம் இமாம்கள் எழுதி வைத்த சட்டம் இது!

இந்த அளவுகோலைப் பச்சோந்தியின் மீது வைத்துப் பாருங்கள். எமன் நாட்டிலும் சவூதியின் தென்மேற்கு மலைப்பகுதியிலும் வாழும் ஒருவகைப் பச்சோந்தியை மேலை நாடுகளில் கூண்டில் பிறக்கச் செய்து வளர்க்கிறார்கள். வளர்ந்த ஒரே ஒரு பிராணிக்கு 2 அடி அகலம், 2 அடி ஆழம், 4 அடி உயரமுள்ள கூண்டு வேண்டும். சுற்றிலும் வலையாக இருந்து காற்றோட வேண்டும். கண்ணாடிச் சுவர் கூடாது. அதில் தன் நிழலைக் கண்டு எதிரியென அஞ்சிக் கொண்டே இருக்கும். உள்ளே உயிருள்ள செடியும் பல கனத்தில் கிளைகளும் வேண்டும். மேல் கிளையில் 30 டிகிரி சென்டிகிரேடு அளவுக்குச் சூடு தரும் விளக்கு, கீழே குளுமை. வெயிலிலுள்ள புற ஊதாக் கதிருக்கு ஈடாகத் தனி விளக்கொன்று தினமும் 12 மணி நேரம் எரிய வேண்டும். அந்தக் கதிரின்றி எலும்பு மெலிந்து வளைந்து போகும். இலைகளில் நாளுக்குப் பலமுறை நீர் தெளிக்க வேண்டும். சத்தூட்டிய பூச்சிகளைச் சுண்ணாம்புச் சத்துப் பொடியில் புரட்டிக் கொடுக்க வேண்டும். பெண்ணாயின், ஆண் துணையின்றியும் முட்டையிடும்; அதைப் புதைக்க ஈர மணல் தொட்டி வேண்டும். ஒரு கூண்டில் இரண்டை விடவே கூடாது. கையில் எடுத்துக் கொஞ்சுவதையும் அது விரும்பாது.

இத்தனையும் எதற்காக? அல்லாஹ் ஒரு கருவை மரத்தில் காசின்றி அமைத்து வைத்திருப்பதைப் போலச் செய்து பார்ப்பதற்காக!

மேலும் நம் நாட்டுப் பச்சோந்தியைப் பொறுத்தவரை இந்தக் கேள்விக்கே இடமில்லை. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது பாதுகாக்கப்பட்ட உயிர். பிடிப்பதும், விற்பதும், வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். பச்சைக்கிளி, மைனா, நட்சத்திர ஆமை ஆகியவையும் அவ்வாறே. "கிளிதானே, ஊரெல்லாம் வளர்க்கிறார்களே" என்பது சமாதானமாகாது. பாங்காக்கிலிருந்து வரும் பயணிகள் சிலர் உடும்பு, ஆமை, பாம்புக் குட்டிகளைத் துணிகளுக்கிடையே திணித்துக் கொண்டு வந்து சென்னை விமான நிலையத்தில் பிடிபடுவதையும் செய்தித்தாள்களில் படிக்கிறோம். பெட்டிக்குள் மூச்சு முட்டும் அந்த உயிர்களுக்கு, விற்பவரும் வாங்குபவரும் சேர்ந்தே நாளை பதில் சொல்ல வேண்டியிருக்கும். வாழும் நாட்டின் நியாயமான சட்டத்தைப் பேணுவது, கொடுத்த வாக்கைப் பேணும் முஸ்லிமின் கடமையல்லவா?

வளர்க்கலாம், வளர்ப்பதற்கு முன்...

பிராணி வளர்ப்பதே கூடாதென்று யாரும் எண்ணி விட வேண்டாம். அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூ உமைர் என்ற சிறுவர் 'நுகைர்' என்னும் சிட்டுப் போன்ற பறவையொன்றை வைத்து விளையாடினார். அது இறந்தபோது அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அப்பறவையைப் பற்றி அன்போடு விசாரித்து அந்தச் சிறுவரின் துக்கத்தில் பங்கு கொண்டார்கள். ஆனால் குஞ்சுகளைப் பறிகொடுத்த தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்தபோது, அதைத் தவிக்க விட்டவர் யார் என்று கேட்டு, குஞ்சுகளைத் திருப்பி விடச் சொன்னவர்களும் அதே அண்ணல்தான். ஆகவே நம் இல்லங்களில் வளர்க்க ஆகுமானவற்றுக்குச் சில சொல்கிறேன்.

கோழி வளர்ப்பவர்கள் அவை இறக்கையை விரிக்க இடமும், இரவில் ஏறி உட்காரக் கழியும் கொடுங்கள். பஞ்சாரத்தில் மூடியே போட்டு வைக்காதீர்கள். லவ் பேர்ட்ஸ் வளர்ப்பவர்கள் கூண்டைத் தகரக் கூரையின் கீழும், அக்னி நட்சத்திர வெயிலடிக்கும் மொட்டை மாடியிலும் தொங்க விடாதீர்கள். மீன் வளர்ப்போர் குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றாதீர்கள். அதிலுள்ள குளோரின் மீனின் செவுளை எரிக்கும். திறந்த வாளியில் ஒருநாள் வைத்துப் பிறகு ஊற்றுங்கள். குர்பானி ஆட்டை அடுக்குமாடி வீட்டின் கார் நிறுத்துமிடத்தில் கட்டுவோர், நிழலும் தண்ணீரும் படுக்க வழுக்காத தரையும் கொடுங்கள். அதன் கண்ணெதிரே கத்தி தீட்டாதீர்கள், மற்றொன்றை அறுக்காதீர்கள். ஊருக்குப் போகும்போது பூனையைப் பூட்டிய வீட்டில் விட்டுச் செல்லாதீர்கள். நோய் கண்டால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அந்தக் கல்லூரி 1903-ம் ஆண்டிலிருந்து நடந்து வருகிறது.

பையன் கேட்ட கேள்வி

இனி அந்த வீட்டுக்கு வருவோம். அடுத்த வீட்டுக் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண் கால்நடை மருத்துவம் படிக்கிறாள். பையனின் தாயார் அவளை அழைத்து வந்தார்கள். அவள் சொற்படி, காற்றோட்டமுள்ள மூங்கில் கூடையில் முருங்கைக் கிளையை வைத்து, அதன் மீது அந்த ஜீவனை மெல்ல ஏற்றி, இலைகளில் நீர் தெளித்தோம். சிறிது நேரம் அசைவில்லை. பிறகு ஒரு கண் திரும்பியது. நாக்கு நீண்டு ஒரு துளியைத் தொட்டது. அதன் பின் அது குடித்துக் கொண்டே இருந்தது. பையன் தெளித்துக் கொண்டே இருந்தான். அருகிலுள்ள பூங்காவில் விட்டு விடலாமா என்று அவன் அத்தா கேட்டார். இராமநாதபுரத்துக் கருவைக் காட்டு உயிரைக் கண்ட இடத்தில் விடுவது அவிழ்த்து விடுவதாகாது, கைகழுவுவதாகும் என்று அந்தப் பெண் விளக்கினாள். வழக்கு வருமோ என்ற அச்சம் அவருக்கு இருந்தது. ஆயினும் இரவே வனத்துறைக்குத் தொலைபேசியில் உண்மையைச் சொன்னார். காலையில் வந்தவர்கள் கண்டித்துப் பேசி, பிறகு கூடையைப் பெற்றுக் கொண்டார்கள். உடல் தேறியதும் அதற்கேற்ற புதர்க்காட்டில் விடுவதாகக் கூறிச் சென்றார்கள். போகும்போது அதன் மேனியில் பச்சை திரும்பத் தொடங்கியிருந்தது.

அன்று மாலை ஓதி முடிந்ததும் பையன் கிதாபை மூடாமல் உட்கார்ந்திருந்தான். "ஹஜ்ரத், பூனையைக் கட்டிப் போட்ட அந்த அம்மாவுக்குக் கிடைத்த தண்டனை எனக்கும் உண்டா?" என்று கேட்டான். அவன் உதடு துடித்தது.

நான் சொன்னேன்: "இல்லை வாப்பா. பருவம் எய்தாத பிள்ளையின் மீது எழுதுகோல் உயர்த்தப்பட்டிருக்கிறது என்று நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். உன் ஏட்டில் இது எழுதப்படவில்லை. தாகித்த நாய்க்குத் தண்ணீர் புகட்டியவருக்கு அல்லாஹ் மன்னிப்பருளினான். நேற்றிரவு நீயும் ஒரு தாகித்த ஜீவனுக்குத் தண்ணீர் புகட்டினாய். பயப்படாதே."

அவனுக்குச் சொன்னேன்; எனக்குச் சொல்லிக் கொள்ள முடியவில்லை. எழுதுகோல் உயர்த்தப்படாதவர்கள் அந்த வீட்டில் மூவர் இருந்தோம். தட்டு தொடப்படாமல் இருந்ததைக் கண்டும் காரணம் கேட்காத பெற்றோர் இருவர். மூன்றாம் நாளே கண்ணால் கண்டும், அறியாமல் ஒரு தீர்ப்பைச் சொல்லிவிட்டுப் போன நான் ஒருவன். ஆலிம் என்று நம்பிக் கேட்ட பிள்ளைக்கு, "எனக்குத் தெரியாது, பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லியிருந்தால், அந்த ஜீவனுக்கு ஆறு நாள் வேதனை மிஞ்சியிருக்கும்.

ஆகவே தாய்மார்களே, பெரியோர்களே! உங்கள் வீட்டில் இன்று ஏதேனும் ஒரு கூண்டோ, தொட்டியோ, கயிறோ இருக்குமானால், இதைப் படித்து முடித்ததும் எழுந்து போய் ஒருமுறை பாருங்கள். வைத்ததை அது தின்றதா, குடித்ததா, நிழல் இருக்கிறதா என்று பாருங்கள். பராமரிக்க இயன்றால் முறையாகப் பராமரியுங்கள். இயலாதெனில் உரியவரிடம் ஒப்படையுங்கள்.

யா அல்லாஹ்! வாயில்லா ஜீவன்களின் முறையீட்டுக்கு ஆளாகாமல் எங்களைக் காப்பாயாக! அறியாமல் செய்ததை மன்னித்து, அறிந்து நடக்கும் நல்லுதவியை எங்களுக்கும் எங்கள் பிள்ளைகளுக்கும் தந்தருள்வாயாக! ஆமீன், ஆமீன், யாரப்பல் ஆலமீன்.